பெங்களூருக்கு முன்னால் ஒரு நாள் தூங்குவோம்

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. இதற்குள் அதை மடித்து மடித்துப் படித்ததில் நடுமடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. நீ கார் வாங்கியிருக்கிறாய். உன் ஆபீஸ் அதிகாரி ஓட்டிக் கழித்த பழைய வண்டிதான், மழை பெய்தால் பின்பக்கம் ஒழுகும் என்று நீ அடக்கமாக எழுதினாலும், இந்தத் தெருவில் யாருக்கும் அந்த அடக்கம் போய்ச் சேரவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் நான் சொன்னது "பிளசர் கார்" என்ற ஒரு வார்த்தைதான். சாயங்காலத்துக்குள் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் வரைக்கும் செய்தி பரவி, வண்டி என்ன நிறம் என்று என்னை நிறுத்திக் கேட்டார்கள். நீ நிறத்தை எழுதவில்லை. நான் பச்சை என்று சொல்லிவிட்டேன். வேறு நிறமாக இருந்தால் உடனே எழுது, மாற்றிச் சொல்ல வேண்டும்.

பங்குனிக் கடைசியில் நீயும் செல்வியும் குழந்தையும் திருச்சியிலிருந்து இங்கே வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்ற வரியைப் படித்ததிலிருந்து உன் அய்யாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. போன தை மாதத்தோடு பஸ் ஷெட்டில் நேரம் எழுதுகிற வேலையும் முடிந்து, பகலெல்லாம் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பழைய காலண்டர் தாளைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் ரோடு வரைகிறார். தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார். வருகிற டிரைவர்களை டீக்கடையில் உட்கார வைத்து, எந்த ஊர்ப் பக்கம் ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த ஆற்றில் பாலம் முடிந்திருக்கிறது, எந்த இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று கேட்டு வந்து, அந்தத் தாளில் புள்ளி வைக்கிறார். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் புள்ளி வைக்க இடம் போதாமல் இன்னொரு தாளைச் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு "நல்ல காப்பி" என்று எழுதியிருந்தது.

நீ அனுப்பிய திட்டத்தை நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். பத்து நாளில் ஒன்பது ஊர். மதுரையில் அரை நாள், கோயம்புத்தூரில் அரை நாள், மைசூரில் ஒரு நாள், பெங்களூரில் ஒரு நாள், மெட்ராஸில் ஒன்றரை நாள், அப்புறம் மகாபலிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சி. நீ கணக்கில் கெட்டிக்காரன். கிலோமீட்டரையும் மணி நேரத்தையும் அழகாகப் பிரித்துக் கட்டம் போட்டிருக்கிறாய். அந்தக் கட்டங்களில் யாரும் தூங்கவில்லை, குழந்தைக்கு வயிற்றுக்குச் சேராமல் போகவில்லை, யாரும் ஒரு மரத்தடியில் சும்மா உட்காரவும் இல்லை. அதனால் நான் அதில் கை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

என் திட்டம் இது. பெரிய ஊர் மூன்று போதும். மதுரை, மெட்ராஸ், பெங்களூர். மதுரையில் இரண்டு நாள். அங்கிருந்து திருச்சியில் உன் வீட்டுக்குப் போய் ஒரு நாள் துணி துவைத்துக் காயப் போட்டுச் சும்மா இருப்போம். அப்புறம் மெட்ராஸில் மூன்று நாள். அங்கிருந்து கிளம்பினால் நேராக பெங்களூர் கிடையாது. வேலூரில் இறங்கி ஒரு முழு நாள் தங்குவோம். அந்த நாளில் யாரும் எதையும் பார்க்கக் கூடாது. கோட்டை பக்கத்திலேயே இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், இது சத்தியம். அதற்கப்புறம் பெங்களூர் மூன்று நாள். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் புதுமடம் போய் இரண்டு நாள். வழியில் போகிற நாளையும் சேர்த்து மொத்தம் பதினைந்து நாள் வருகிறது. உன் அதிகாரியிடம் இன்னும் ஐந்து நாள் லீவு கேள். தன் காரையே உனக்குக் கொடுத்தவர், ஐந்து நாள் கொடுக்க மாட்டாரா?

புதுமடம் யோசனை காதர் அண்ணனுடையது. நீ காதர் மாமா என்று கூப்பிடுவாயே, அய்யா பஸ் ஓட்டிய காலமெல்லாம் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அவர்தான். கடற்கரையை ஒட்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் ஒரு ஓட்டு வீடும் இருக்கிறது. உன் கார் விஷயம் தெரிந்ததும் உச்சிப்புளியில் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். "ஊரெல்லாம் சுத்திட்டுக் களைச்சு வருவீக. புள்ளைகளோட எங்க தோப்புக்கு வந்து ஒரு சோலியும் இல்லாமக் கெடங்க. மீனுக்கு நான் பொறுப்பு" என்றார். செல்விக்கு ராமேசுவரம் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடும், கடலைத் தாண்ட ரயில்தான். புதுமடத்திலிருந்து ஒரு நாள் காலையில் உச்சிப்புளி போய் ரயிலேறிப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்துவிடலாம். கார் தோப்பு நிழலில் கிடக்கட்டும். அதற்கும் ஓய்வு வேண்டாமா?

இதற்கு நடுவே வேலூரில் எதற்கு ஒரு நாளை வீணடிக்கிறாய் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். காரைப் பற்றிச் சந்தோஷமாக எழுதிய உன் கடிதத்தில், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "அய்யா பின்சீட்டில் உட்காரட்டும். எங்கேயும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம், வண்டியில் குழந்தை இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். நான் அய்யாவுக்கு வாய்விட்டுப் படிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். ஆனால் மறுநாள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே எடுத்துப் படித்திருக்கிறார். காலண்டர் தாளைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டார். மத்தியானம் சோறு போடும்போது, பிள்ளை சொல்வது சரிதான், தனக்குப் பின்சீட்டே போதும் என்றார். நான் அந்தத் தாளைப் பரணிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுக்க ஒரு நாள் பாடுபட்டேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம் என்று.

நாம் மூன்று பேரும் போன அந்தப் பயணம் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பன்னிரண்டு வயது. பஸ் முதலாளி தன் காரை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் யாரிடமோ காட்டிவர அய்யாவை அனுப்பினார். அப்படியே குடும்பத்தையும் கூட்டிப்போய் வா, வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வந்தால் போதும் என்றார். சிக்கல் கிராமத்தில் பிறந்து ராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்ட நான் அதுவரை மதுரையைத் தாண்டினதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸில் அய்யாவை ஒரு நிமிஷம் நிற்கவிடவில்லை. செத்த காலேஜ் என்கிற மியூசியம் பார்க்கணும், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை பார்க்கணும், மூர் மார்க்கெட் பார்க்கணும், கடற்கரையில் ரேடியோ கேட்கணும், டிராமில் ஏறணும். நம் ஊரில் இல்லாத கடலா என்று அவர் கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. நீ டிராமை விட்டு இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாய். மூன்று நாளும் வண்டிக்குக் காவலாக அவர் அதற்குள்ளேயே காலை மடக்கிப் படுத்தார், நாம் சத்திரத்தில் நீட்டிப் படுத்தோம்.

நான்காம் நாள் விடியலில் பெங்களூருக்குக் கிளம்பினோம். பெங்களூர் யார் யோசனை தெரியுமா? என்னுடையது. அங்கே சாயங்காலத்தில் குளிருமாம், தெருவெல்லாம் பூவாம் என்று சத்திரத்தில் யாரோ ஒரு அம்மாள் சொன்னாள், அவ்வளவுதான். வேலூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அய்யாவுக்குக் கண் சிவந்து கிடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னைக்கு இங்கனயே தங்கிருவோம். ஒரு தூக்கம் போட்டாச் சரியாயிரும்" என்றார். அப்போது நான் சொன்ன வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்லுகிறேன். "ஊராரை ஏத்திக்கிட்டு ராப்பகலா ஓட்டுவீக. பொண்டாட்டி பிள்ளைன்னா மட்டும் தூக்கம் வந்துருதோ?" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

ஆம்பூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கிற நேர் ரோடு. நல்ல மத்தியானம். நீ பின்சீட்டில் தூங்கிவிட்டாய். நானும் முன்சீட்டில் கண் அசந்திருந்தேன். வண்டி குலுங்கியதும் விழித்தேன். ரோடு பக்கவாட்டில் விலகிப் போனது, ஒரு மரம் நேராக வந்தது. அந்த நொடியில் அய்யா விழித்து வலதுகையால் ஸ்டியரிங்கை ஒடித்து, இடதுகையை எனக்குக் குறுக்கே நீட்டி என்னைச் சீட்டோடு சேர்த்து அழுத்தினார். மரத்தில் உரசி வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. முன்பலகைக்கும் எனக்கும் நடுவே இருந்த அந்தக் கை முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீ சீட்டிலிருந்து கீழே உருண்டு நெற்றி வீங்கி எழுந்தாய். பக்கத்துக் காட்டில் ஏர் பூட்டியிருந்தவர்கள் மாட்டோடு ஓடிவந்து கயிறு கட்டி வண்டியை இழுத்தார்கள். என்னாச்சு என்று அவர்கள் கேட்டபோது அய்யா, ஆடு குறுக்கே வந்துவிட்டது என்றார். நீ நெற்றியைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாய். ஆடு இல்லை. ஆட்டுப் புழுக்கைகூட இல்லை. நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

அவர் ஏன் ஆடு என்றார்? தூங்கிவிட்டேன் என்று சொன்னால், தூக்கம் வந்தால் ஏன் நிறுத்தவில்லை என்று முதலாளி கேட்பார். அதற்குப் பதில் நான். என் பெயரை வெளியே எடுக்காமல் இருக்க அவருக்கு ஒரு ஆடு தேவைப்பட்டது. முதலாளி திட்டவில்லை. ஆனால் அன்றோடு பஸ்ஸை அவரிடமிருந்து வாங்கி, ஷெட்டில் நேரம் எழுத உட்கார வைத்தார். ஊரில் ஆட்டை யாரும் நம்பவில்லை. மதுவிலக்கு இருந்த காலம், இருந்தும் எங்கேயோ போய்க் குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு உன் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. நீ அய்யாவிடம் வந்து கேட்டாய். அவர் மறுபடியும் ஆடு என்றார். ஆடு இல்லை என்று உனக்குத் தெரியும். அய்யா பொய் சொல்லுகிறார் என்றால் ஊர் சொல்லுவது நிஜம் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்? உன் மேல் தப்பில்லை. அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டவரில்லையப்பா. அது எனக்குத் தெரியும், காதர் அண்ணனுக்குத் தெரியும். ஷெட்டில் அப்படிப் பேசியவன் சட்டையைக் காதர் அண்ணன் பிடித்த கதையும் எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நீ திருச்சிக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், ஏதோ ஒரு சின்னப் பேச்சு முற்றி, "குடிச்சிட்டு ஓட்டுனா ஆடும் தெரியும், ஆனையும் தெரியும்" என்று அய்யாவின் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியது. வெளியே வந்து அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்குக் கட்டுச்சோறு தயாராக வேண்டுமே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன். நிஜம் என்னவென்றால் பயம். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்ற பயம். உன் பார்வையில் நான் நல்லவளாக இருக்க, அவரைக் கெட்டவராக விட்டுவிட்டேன். நீ உன் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் எந்தத் தப்பு வேண்டுமானாலும் செய், இதை மட்டும் செய்யாதே. ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாவிட்டால், மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கும். எனக்குப் பதின்மூன்று வருஷம் கனத்தது.

நேற்று மத்தியானம் இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று அய்யாவிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் காலண்டர் தாளில் வேலூருக்குப் பக்கத்தில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தா, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிறாத. பெங்களூரைப் பாக்கணும்னு எனக்கும்தான் கொள்ளை ஆசை. நீ சொல்லாட்டியும் நான் வண்டிய எடுத்திருப்பேன். நீ சொன்னது எனக்குச் சாக்காப் போச்சு."

பதின்மூன்று வருஷம் நான் ஒருத்தியாகத் தூக்கிச் சுமந்ததில் பாதி அவருடையதாம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்து இதை ஒரு தடவைகூடப் பேசாமல் இருந்திருக்கிறோம் பார். உடனே அவர் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டார். அவருடைய டிரைவர் லைசென்ஸ். புரட்டிப் பார்த்தேன். அந்த விபத்துக்கு அப்புறமும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். கடைசி முத்திரை இந்த வருஷத்தது. ஓட்டப் போவதில்லை என்றால் இது எதற்கு என்று கேட்டேன். விட மனசு வரவில்லை என்றார். காதர் அண்ணன் இங்கே வந்திருந்தபோது என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஷெட்டில் இருந்த காலமெல்லாம் தினமும் காலையில் பஸ்களைக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது அய்யாதானாம். இடதுமுழங்கை முழுசாக நீளாது, ஆனால் கியர் போட அது போதும்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாமலே கேட்கிறேன். முதல் நாள் காலையில் நம் வீட்டு வாசலில் சாவியை அவர் கையில் கொடு. பரமக்குடி வரைக்கும் போதும். வெயில் ஏறுவதற்குள் அந்த ரோடு காலியாக இருக்கும், இப்போது வேம்பு பூத்துக் கிடக்கிறது, வழியெல்லாம் வாசனை. நீ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார். உன் அய்யா வண்டி ஓட்டுகிற அழகை நீ வளர்ந்தபின் பார்த்ததே இல்லை. கியர் மாறுவது வயிற்றுக்குத் தெரியாது. எதிரில் மாட்டுவண்டி வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மாடு மிரளாமல் விலகிப் போவார். அவர் பஸ்ஸில் சாமான் கூடையில் முட்டை கொண்டுபோகிறவர்கள்கூட நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று காதர் அண்ணன் சொல்லுவார். நீ அதைப் பார். பார்த்துவிட்டுப் பரமக்குடிக்கு அப்புறம் யார் ஓட்டுவது என்று நீயே முடிவு பண்ணு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

மன்னிப்பு என்று தனியாக எழுதவில்லை. நீ நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன், உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியது அது. செல்வியிடம் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துவைக்கச் சொல், பெங்களூர் குளிரும். வழிக்குப் புளிச்சோறு நான் கட்டுகிறேன், அவள் சிரமப்பட வேண்டாம். கருவாடு எடுக்க மாட்டேன், காருக்குள் மணம் நிற்கும் என்று அய்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி நிறத்தையும் லீவு விவரத்தையும் மறுதபாலில் எழுது. உன் பதில் வருகிற வரைக்கும் பெட்டியைக் கட்ட மாட்டேன் என்று கண்டிப்பாக எழுதி முடிக்க நினைத்தேன். ஆனால் நேற்றுச் சாயங்காலமே கட்டிவிட்டேன்.

உன் அம்மா